மயிற்பொறியின் முறுக்கு

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, பெருஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இந்த ஊரில்தான் இருக்கிறது. மலைநாதர் கோயிலின் பாறையில் 9ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் செதுக்கிய தீர்த்தங்கரர்களும் பாகுபலியும் இன்றும் நிற்கிறார்கள். பார்சுவநாதர் கோயிலின் கோபுரம் வயல்வெளிக்கு மேலே தலைதூக்கி நிற்கிறது. கருவறைக்கு மேலே எழும் கட்டுமானத்துக்குத் தமிழில் விமானம் என்று பெயர். வானில் போகும் ஊர்திக்கும் அதே சொல்தான்.

திகம்பரச் சமண முனிவரின் கையில் எப்போதும் ஒரு மயிற்பீலிக் கற்றை இருக்கும். உட்காரும் இடத்தையும் ஏடு வைக்கும் பலகையையும் அதனால் மெல்லத் துடைத்துக்கொள்வார். எறும்பு நசுங்கிவிடக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம் அது. மயில் தானாக உதிர்த்த பீலிதான் அதற்கு ஆகும். வளையும், ஆனால் ஒடியாது. தொட்டால் மென்மை, வீசினால் காற்றைத் தள்ளும் உறுதி. இறகு என்னும் பொருளின் இந்த இரட்டைக் குணத்தைத்தான் வானூர்திப் பொறியாளர்கள் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

மயிலும் வானமும் தமிழ்ச் சமண மரபில் முன்பே ஓரிடத்தில் சந்தித்தன. வானில் செல்லும் ஆற்றல் பெற்ற முனிவர்களைச் சாரணர் என்று அந்த மரபு அழைக்கிறது. மதுரைக்கு நடந்துபோகும் வழியில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் சாரணரைக் காண்பதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. ஆனால் சாரணர் பறப்பது தவத்தால். அவர்களுக்குக் கருவி வேண்டாம். கருவி வைத்துப் பறந்த தமிழ்க் காப்பியப் பெண் ஒருத்தி அதற்குச் சில நூற்றாண்டுகள் கழித்து வருகிறாள்.

அவள் பெயர் விசயை. ஏமாங்கத நாட்டு அரசன் சச்சந்தனின் மனைவி. திருத்தக்கதேவர் என்ற சமண முனிவர் பாடிய சீவக சிந்தாமணியின் முதல் பகுதியான நாமகள் இலம்பகத்தில் அவள் கதை வருகிறது. அரசாட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் விட்டுவிட்டு அந்தப்புரத்திலேயே கிடந்த அரசனுக்கு ஒரு கட்டத்தில் ஆபத்து புரிகிறது. தான் பிழைக்காவிட்டாலும் கருவுற்ற மனைவி தப்ப வேண்டும். பொறி செய்வதில் வல்ல கைவினைஞன் ஒருவனைக் கொண்டு மயில் வடிவில் ஒரு பறக்கும் ஊர்தி செய்விக்கிறான்.

இங்கே கவிஞர் காட்டும் நுணுக்கம் வியக்க வைக்கிறது. மந்திரம், வரம், தேவர் தந்த தேர் எதுவும் இல்லை. துணிக்கிழி, பிசின், நூல், அரக்கு, மெழுகு என்று பட்டறைச் சாமான்களைப் பட்டியல் போடுகிறார். வேலை முடிய 7 நாள் என்று கணக்கும் சொல்கிறார். பிறகு அரசிக்குப் பயிற்சி நடக்கிறது. மாடத்தையும் சோலையையும் ஒட்டிச் சில நாட்கள், மெல்ல மெல்ல, பொறியை எப்படி முறுக்குவது என்று கற்றுக்கொள்கிறாள். வலப்பக்கம் திருப்பினால் மயில் மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஏறும். இடப்பக்கம் திருப்பினால் இறங்கிவந்து காலைக் குவித்து அமரும்.

துணியும் பிசினும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது பாய் தைப்பவர்களுக்கும் பொம்மை செய்பவர்களுக்கும் தெரியும். லேசான ஓர் உறை கிடைக்கும், அது காற்றைப் பிடிக்கும், வளைந்தும் கொடுக்கும். இதைச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்வது நல்லது. சிந்தாமணி ஒரு காப்பியம். அக்காலத் தமிழகத்தில் யாரும் வானூர்தி செய்ததற்கு அது சான்று ஆகாது. அதன் பெருமை வேறு. பறப்பதைப் பாடிய எத்தனையோ கவிஞர்கள் மேலே எழுவதை மட்டும் பாடினார்கள். திருத்தக்கதேவரோ கைக்கும் ஊர்திக்கும் நடுவே என்ன இருக்கிறது, அதை எந்தப் பக்கம் முறுக்கினால் என்ன நடக்கும், அதைப் பழக எத்தனை நாள் ஆகும் என்றெல்லாம் யோசித்திருக்கிறார். கட்டுப்படுத்துவதுதான் பறத்தலின் உயிர் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. கட்டியங்காரன் அரசனைக் கொன்று ஆட்சியைப் பிடிக்கிறான்; அவனது வெற்றி முரசு கேட்டு விசயை வானிலேயே மயங்கிப்போக, மயில் ஒரு சுடுகாட்டில் இறங்குகிறது. கை தளர்ந்தால் ஊர்தி என்னவாகும் என்பதையும் அவர் மறக்கவில்லை. அந்தச் சுடுகாட்டில்தான் காப்பியத் தலைவன் சீவகன் பிறக்கிறான்.

ஏட்டுச்சுவடிகளில் கிடந்த சிந்தாமணியை உ.வே. சாமிநாதையர் 1887இல் அச்சில் கொண்டுவந்தார். கும்பகோணத்தில் ஆசிரியராக இருந்த அவர், நூலின் சமணச் செய்திகள் பிடிபடாமல் அவ்வூர்ச் சமணர்களிடம் போய்க் கேட்டுக் கேட்டுத் தெளிந்த கதை தமிழ்நாடு அறிந்தது. அந்த அச்சுப் புத்தகம் வாசகர் கைக்கு வந்த அதே காலத்தில், ஜெர்மனியில் ஓட்டோ லிலியந்தால் நாரைகளின் இறக்கையை அளந்துகொண்டிருந்தார். 1889இல் பறவைகளின் பறத்தல் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. 1891 முதல் குன்றிலிருந்து குதித்து நூற்றுக்கணக்கான முறை மிதந்து காட்டினார். ஆனால் அவருடைய ஊர்தியைத் திருப்ப ஒரே வழிதான் இருந்தது. தொங்கிக்கொண்டே உடலை இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். 1896இல் காற்று ஒரு முறை வேகமாகத் தூக்கியபோது அந்த ஆட்டம் போதவில்லை. விழுந்து இறந்தார்.

அந்த மரணச் செய்தி அமெரிக்காவின் டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை வைத்திருந்த இரு சகோதரர்களை உலுக்கியது. வில்பர் ரைட்டும் ஓர்வில் ரைட்டும் கிடைத்ததையெல்லாம் படித்தார்கள். படித்த பிறகு அவர்கள் வந்த முடிவு திருத்தக்கதேவரின் முடிவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இறக்கை செய்யப் பலருக்குத் தெரியும், இயந்திரம் செய்யவும் ஆள் இருக்கிறது, காற்றில் சமன் குலையாமல் திருப்பத்தான் ஒருவருக்கும் தெரியவில்லை.

வானத்தில் வட்டமடிக்கும் பறவைகளை வில்பர் கவனித்தார். காற்று ஒரு பக்கம் தள்ளும்போது அவை உடலை ஆட்டவில்லை. இறக்கையின் நுனியை முறுக்கின. 1899ஆம் ஆண்டு கோடையில் ஒரு நாள், மிதிவண்டியின் உள்குழாய் வந்த நீளமான காலி அட்டைப்பெட்டி அவர் கையில் இருந்தது. பேச்சோடு பேச்சாக அதன் இரு முனைகளையும் எதிரெதிர்த் திசையில் முறுக்கினார். பெட்டியின் மேல்தளமும் கீழ்த்தளமும் சேர்ந்தே திருகின, ஆனால் பெட்டி நொறுங்கவில்லை. இரட்டை இறக்கையை இப்படி முறுக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. 5 அடி அகலத்தில் ஒரு காற்றாடி கட்டி, 4 கயிறுகளால் அதை முறுக்கிப் பார்த்தார். சொன்னபடி சாய்ந்தது.

இதன் பின்னே இருக்கும் காற்றியக்கவியல் எளிமையானது. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கொஞ்சம் கூடினால் தூக்குவிசை கூடும், குறைந்தால் குறையும். ஓர் இறக்கையின் பின்விளிம்பைக் கீழே இழுத்து, மற்றதன் பின்விளிம்பை மேலே தூக்கினால் ஒரு பக்கம் எழும், மறுபக்கம் தாழும். ஊர்தி சாயும். சாய்ந்தால் அந்தத் தூக்குவிசையே அதைப் பக்கவாட்டில் இழுத்துத் திருப்பிவிடும். ரைட் சகோதரர்களின் ஊர்தியில் விமானி கீழ் இறக்கையின் மேல் குப்புறப் படுத்திருப்பார். இடுப்புக்குக் கீழே மரத்தால் ஒரு தொட்டில். இடுப்பை நகர்த்தினால் தொட்டிலில் கட்டிய கம்பிகள் இழுபட்டு இறக்கை முறுக்கிக்கொள்ளும். இறக்கையின் உடம்பு மரச்சட்டம், தோல் மஸ்லின் துணி.

சிக்கல் இல்லாமல் இல்லை. 1901இல் ஊர்தி சில சமயம் நினைத்ததற்கு எதிர்ப்பக்கம் மூக்கைத் திருப்பியது. தூக்குவிசை கூடிய இறக்கையில் காற்றின் இழுவையும் கூடுவதால், உயரும் பக்கம் பின்வாங்கியது. அந்தக் குளிர்காலத்தில் 6 அடி நீள மரப்பெட்டி ஒன்றைக் காற்றுச் சுரங்கமாக்கி, இருநூறு அளவுக்குச் சின்னச் சின்ன இறக்கை மாதிரிகளைச் சோதித்தார்கள். 1902இல் பின்னால் அசையும் சுக்கானைச் சேர்த்து, அதையும் முறுக்குக் கம்பியோடு பிணைத்தார்கள். 1903 டிசம்பர் 17 அன்று கிட்டி ஹாக் அருகே மணல்வெளியில் இயந்திரம் பூட்டிய ஊர்தி 12 விநாடி பறந்தது. அன்றைய நான்காவது முயற்சி 59 விநாடி நீடித்து 852 அடி போயிற்று. மனிதன் இயந்திரத்தோடு, தன் விருப்பப்படி பறந்த அந்த முதல் நாளில் அவனைத் தாங்கிய இறக்கை வளைந்து கொடுக்கும் இறக்கை.

அடுத்த சில ஆண்டுகள் முறுக்கிறக்கையின் பொற்காலம். 1909 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய லூயி பிளேரியோவின் விமானமும் இறக்கையை முறுக்கித்தான் திரும்பியது. அதன் அலை மறு ஆண்டே சென்னையைத் தொட்டது. மவுண்ட் ரோடில் பேர்பெற்ற ஓட்டல் நடத்திவந்த கார்சிகாக்காரர் கியாகோமோ தாஞ்செலிஸ், தாமே வடிவமைத்த இரட்டை இறக்கை விமானத்தைச் சென்னையின் சிம்ப்சன் நிறுவனத்தில் கட்டுவித்தார். குதிரை வண்டிகளும் சாரட்டுகளும் செய்து பழகிய தொழிற்சாலை அது. 1910இல் தீவுத்திடலில் கூட்டத்தின் முன்னால் அது பறந்தது. இந்திய மண்ணில் விமானம் எழும்பிய மிகத் தொடக்கக் காட்சிகளுள் ஒன்று இப்படிச் சென்னைக்கு வாய்த்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 18 அன்று அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஆன்ரி பெக்கே சுமார் 6,500 கடிதங்களைச் சுமந்து பறந்தபோது உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபாலும் இந்தியாவிலேயே நடந்தேறியது.

ஆனால் வளையும் இறக்கைக்கு அதற்குள்ளேயே போட்டி வந்துவிட்டது. இறக்கை முழுவதையும் முறுக்காமல், அதன் பின்விளிம்பில் மட்டும் கீல் வைத்த ஒரு மடலைப் பொருத்தி மேலும் கீழும் அசைத்தால் போதும் என்ற எண்ணம் 1868இலேயே பிரிட்டனில் மாத்யூ போல்ட்டன் காப்புரிமை பெற்ற ஒன்று. விமானம் இல்லாத காலத்து விமான உறுப்பு அது, யாரும் பொருட்படுத்தவில்லை. ஏலெரான் என்று பிரெஞ்சில் பெயர் பெற்றது. சின்னச் சிறகு என்று பொருள். ரைட் சகோதரர்கள் 1906இல் பெற்ற காப்புரிமையை மீறாமல் பறக்க ஆசைப்பட்டவர்கள் இதன்மேல் பாய்ந்தார்கள். கிளென் கர்ட்டிஸ் மேல் ரைட் சகோதரர்கள் தொடுத்த வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கிய 1917இல் எல்லாக் காப்புரிமைகளையும் ஒரே தொகுப்பில் போட்டுத்தான் அந்தச் சண்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள்.

வழக்கு இல்லாவிட்டாலும் முறுக்கிறக்கை தோற்றிருக்கும். அதைத் தோற்கடித்தது வேகம்.

ஆடிக்காற்றில் குடை பிடித்துப் போகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குடையின் ஓரம் கொஞ்சம் தூக்கினால் காற்று அதை இன்னும் தூக்கும். தூக்கத் தூக்க அதிகக் காற்று பிடிக்கும். கடைசியில் கம்பி மடங்கிக் குடை கவிழ்ந்துவிடும். இறக்கையும் அப்படித்தான். காற்று தூக்கும் இடம் இறக்கையின் முன்பகுதியில் இருக்கிறது. முறுக்குத் தாங்கும் அச்சு அதற்குப் பின்னால் இருந்தால், தூக்குவிசை இறக்கையின் முன்விளிம்பை மேலே திருகும், கோணம் கூடும், கோணம் கூடியதால் விசை மறுபடி கூடும். வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் இறக்கை தன்னைத்தானே முறுக்கி ஒடித்துக்கொள்ளும். ரைட் சகோதரர்கள் பறப்பதற்குச் சற்று முன்பு, 1903 அக்டோபரிலும் டிசம்பரிலும், சாமுவேல் லாங்லியின் பெரிய ஊர்தி இரு முறையும் போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. இறக்கை முறுக்குத் தாங்காததும் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர் சிலர் கருதினார்கள். ஒற்றை இறக்கை விமானங்கள் அடுத்தடுத்து நொறுங்கியதால் 1912இல் பிரிட்டன் ராணுவம் அவற்றைப் பறக்க விடாமல் கொஞ்ச காலம் தடைபோட்டது.

ஆகவே இறக்கையை இறுக்கினார்கள். உள்ளே மரப்பெட்டி, பிறகு உலோகப்பெட்டி, மேலே அலுமினியத் தகடு. வளைவது குற்றமாயிற்று. அப்படி இறுக்கியும் பிரச்சினை முழுதாக விடவில்லை. ஏலெரானைக் கீழே இறக்கினால் அந்தப் பக்கம் எழ வேண்டும். ஆனால் அது தள்ளுவது இறக்கையின் பின்விளிம்பை. பின்விளிம்பு மேலே போனால் முன்விளிம்பு கீழே திருகும். மிகுந்த வேகத்தில் இந்தத் திருகல் ஏலெரானின் பலனை முழுக்க விழுங்கிவிடும். அதற்கும் மேலே போனால் விமானி இடப்பக்கம் சாய்க்க, விமானம் வலப்பக்கம் சாயும். இரண்டாம் உலகப்போரின் ஸ்பிட்ஃபயர் விமானத்தில் பாய்ச்சல் வேகம் கூடக்கூட ஏலெரானின் பிடி தளர்ந்தது. போரின் இறுதிக் கட்டத்தில் வந்த 21ஆம் வகைக்கு இன்னும் விறைப்பான புது இறக்கையே வடிவமைக்க வேண்டி வந்தது. வலப்பக்கம் திருப்பினால் ஏறும் என்று நம்பிப் பயின்ற விசயையின் மயில் நடுவானில் இறங்கத் தொடங்கினால் எப்படி இருக்கும்? விமானிகள் அந்தத் திகிலை நேரில் கண்டார்கள்.

கீல் வைத்த மடல் வென்றது. இன்று மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்தின் சன்னலோரம் உட்கார்ந்தவர் காண்பது அதைத்தான். இறக்கையின் பின்பக்கம் பட்டை பட்டையாகப் பிரிந்து கீழே இறங்கும். நடுவே இடைவெளி தெரியும். ஓவென்ற இரைச்சல் கேட்கும்.

அந்த இரைச்சல்தான் கீல் கேட்கும் விலை. ஏரிக்கால்வாய் மெல்ல வளைந்து திரும்பும் இடத்தில் தண்ணீர் கரையோடு ஒட்டிச் சுழிக்காமல் போகும். அதையே சட்டென்று முழங்கைபோல மடித்துவிட்டால் மூலையில் நுரையும் சுழியும் கட்டிக்கொள்ளும். கரை அரிக்கும். காற்றும் அப்படித்தான். இறக்கையின் மேற்பரப்பில் ஒட்டி வழியும் மெல்லிய காற்றுப் படலம் கீலின் மடிப்பில் வந்ததும் தடுமாறுகிறது. மடிப்பில் அழுத்தம் சடாரென்று மாறுவதால் படலம் பரப்பை விட்டு விலகுகிறது. விலகிய இடத்தில் தூக்குவிசை குறைந்து இழுவை கூடுகிறது. மடலின் இரு பக்க ஓரங்களிலும் உள்ள இடைவெளி வழியே கீழ்ப்பக்கக் காற்று மேலே பீறிட்டுச் சுழல்கிறது. அதே மடல் கீல் இல்லாமல், உடம்போடு உடம்பாக ஒரே வளைவில் வளைந்தால் அழுத்தம் மெல்ல மெல்ல மாறும். படலம் ஒட்டியே போகும். அதே தூக்குவிசைக்குக் குறைந்த இழுவை, குறைந்த எரிபொருள், குறைந்த சத்தம்.

இந்தக் கணக்குகளைப் படிக்கும் இடங்கள் நம் நாட்டிலும் எழுந்தன. சி. ராஜம் 1949இல் குரோம்பேட்டையில் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் வானூர்திப் பொறியியல் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. ராமேசுவரத்திலிருந்து வந்த அப்துல் கலாம் அங்கே காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துத்தான் அந்தப் பாடத்தின்பால் ஈர்க்கப்பட்டார். தேசிய வானூர்தி ஆய்வகம் 1959இல் தோன்றியது. ஒலியை மிஞ்சும் வேகத்தில் மாதிரிகளைச் சோதிக்கும் அதன் 1.2 மீட்டர் காற்றுச் சுரங்கம் 1967இல் பெங்களூரில் இயங்கத் தொடங்கியது.

வடிவம் மாறும் இறக்கையை இந்தியர்கள் நேரில் கண்டது போர்விமானத்தில். மிக்-27இன் இறக்கை பறக்கும்போதே பின்னோக்கி மடங்கும். 16 பாகை விரிந்த நிலையில் எழும்பவும் இறங்கவும், 72 பாகை மடங்கிய நிலையில் விரைந்து பாயவும், 45 பாகை நடு நிலையில் மற்ற வேலைகளுக்கும். பருந்து வட்டமடிக்கும்போது சிறகை விரித்தும் இரைமேல் பாயும்போது ஒடுக்கியும் வைத்துக்கொள்வதை அப்படியே உலோகத்தில் செய்த வேலை. உரிமம் பெற்று இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நாசிக்கில் இவற்றைக் கட்டியது. 1999 கார்கில் போரில் இவை பறந்தன. 2019 டிசம்பர் 27 அன்று ஜோத்பூரில் கடைசி அணி விடைபெற்றது. இறக்கையைத் தாங்கிய அச்சும் அதைச் சுற்றிய இரும்பும் பெரும் எடை. மடங்கும் இறக்கை காலத்துக்குப் பின் வந்த தேஜஸ் நிலையான முக்கோண இறக்கையையே எடுத்துக்கொண்டது. 2018இல் கோயம்புத்தூருக்கு அருகே சூலூர்த் தளத்துக்கு வந்த தேஜஸ் அணியின் விமானங்களிலும் பின்விளிம்பில் இருப்பது கீல் வைத்த மடல்தான்.

மிக்-27 மடித்ததே தவிர வளைக்கவில்லை. வளைப்பதற்கான பெரிய முயற்சி அமெரிக்காவில் நடந்தது. எஃப்-111 போர்விமானம் ஒன்றின் இறக்கையில் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் கீல்மடிப்பு தெரியாமல் வளைக்கும் அமைப்பைப் போயிங் பொருத்தித் தர, நாசாவும் அமெரிக்க விமானப்படையும் 1985 முதல் 1988 வரை அதைப் பறக்கவிட்டன. காற்றியக்க அளவில் பலன் தெரிந்தது. ஆனால் வழவழப்பான தோலுக்கு அடியில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கம்பிகளும் மூட்டுகளும் நெருக்கி அடைந்திருந்தன. எடையும் பராமரிப்பும் பலனைத் தின்றன.

அடுத்து வந்த யோசனை இன்னும் துணிச்சலானது. இறக்கை முறுக்குவதுதான் ஆபத்து என்றால், அந்த முறுக்கையே வேலைக்கு வைத்துக்கொண்டால் என்ன? எஃப்-18 விமானத்தின் தொடக்க மாதிரிகளில் இறக்கை அளவுக்கு மீறி முறுக்குகிறது என்று பிறகு அதை விறைப்பாக்கியிருந்தார்கள். இறக்கைத் தோலின் சில தகடுகளை அந்தப் பழைய மெல்லிய வகைக்கே மாற்றி நாசா பொருத்தியது. 2002 நவம்பரில் அது பறந்தது. மடல்கள் இங்கே விமானத்தை நேரடியாகச் சாய்க்கவில்லை. காற்றைச் சற்றே தட்டிக்கொடுத்து, காற்றின் விசையாலேயே இறக்கை முழுவதையும் முறுக்கவைத்தன. கிட்டி ஹாக் நூற்றாண்டு நெருங்கிய நேரத்தில் வில்பரின் அட்டைப்பெட்டி கணினியின் துணையோடு திரும்பி வந்தது. எக்ஸ்-53 என்று பிறகு அதற்குப் பெயர் சூட்டினார்கள்.

மூன்றாவது வழியை வகுத்தவர் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்ரீதர் கோட்டா. மூட்டே இல்லாத இயந்திரம் என்பது அவருடைய வாழ்நாள் தேடல். வில்லுக்கு மூட்டு கிடையாது, ஆனாலும் வளைகிறது. மூங்கில் கழிக்கும் அப்படித்தான். எந்த ஓர் இடமும் அதிகமாக வளையாமல், எல்லா இடமும் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்தால் பொருள் சோர்ந்து விரிசல் விடாது. அந்த எண்ணத்தில் அவர் தொடங்கிய ஃப்ளெக்ஸ்சிஸ் நிறுவனம் செய்த தொடர்ச்சியான பின்மடலை, கல்ஃப்ஸ்ட்ரீம் பயணிகள் விமானம் ஒன்றில் வழக்கமான மடலை எடுத்துவிட்டு நாசா பொருத்தியது. 2014 நவம்பரிலிருந்து 2015 ஏப்ரல் வரை 22 முறை பறந்தது. மேல்நோக்கி 2 பாகை முதல் கீழ்நோக்கி 30 பாகை வரை வைத்துப் பார்த்தார்கள். மடலுக்கும் இறக்கைக்கும் நடுவே இடைவெளியே இல்லை. இரு ஓரங்களிலும் நீளும் தோல் அதை மூடியிருந்தது. இந்த மடலையும் சக்கரங்களுக்கான உறைகளையும் சேர்த்துச் சோதித்ததில், இறங்கும்போது விமான உடம்பு எழுப்பும் இரைச்சல் 70 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2018இல் நாசா அறிவித்தது. ஓடுதளத்துக்குப் பக்கத்தில் பொழிச்சலூரிலும் பம்மலிலும் குடியிருப்பவர்களுக்கு அந்த எண்ணின் அருமை புரியும்.

இதற்குள் வேறு கைகளும் வேலையில் இறங்கிவிட்டன. நாசாவும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து, ஒரே மாதிரியான ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைக் கோத்துக் கூடைபோல ஓர் இறக்கையைக் கட்டின. 2019இல் வெளியான அந்த வேலையில், மோட்டாரே இல்லாமல் காற்றின் அழுத்தத்துக்கு ஏற்ப இறக்கை தானாக வடிவம் மாறியது. 2020இல் ஸ்டான்ஃபோர்டின் டேவிட் லென்டிங்க் குழு 40 உண்மையான புறா இறகுகளைப் பொருத்தி ஓர் இயந்திரப் புறாவைப் பறக்கவிட்டது. மணிக்கட்டும் விரலும் அசைந்தாலே எல்லா இறகுகளும் சீராக விரிவதை அது காட்டியது. இறகுகள் விரியும்போது நடுவில் இடைவெளி விழாமல் இருக்க, பக்கத்து இறகுகளின் நுண்ணிய கொக்கிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதையும் அந்தக் குழு கண்டது. மடலுக்கும் மடலுக்கும் நடுவே இருந்த பழைய இடைவெளிச் சிக்கலுக்குப் புறா எப்போதோ விடை வைத்திருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் நாம் ஏறும் பயணிகள் விமானங்களின் இறக்கை ஏன் இன்னும் கீலோடு இருக்கிறது? தோல்தான் முதல் தடை. வளைய வேண்டுமானால் அது நீள வேண்டும், சுருங்க வேண்டும். அதே சமயம் காற்று உள்ளே அழுத்தினால் குழி விழக் கூடாது. மென்மையும் விறைப்பும் ஒரே பொருளில், வெவ்வேறு திசையில் வேண்டும். இரண்டாவது காலம். 25, 30 ஆண்டுகள், மைனஸ் 50 டிகிரி செல்சியஸ் குளிரிலும் ஓடுதள வெயிலிலும் அது வளைந்து நிமிர வேண்டும். மூன்றாவது நம்பிக்கை. கீல் பழுதானால் எப்படிப் பழுதாகும் என்பது நூறாண்டு அனுபவத்தில் தெரியும். வளையும் தோலின் பழுது இன்னும் பழகவில்லை. கல்ஃப்ஸ்ட்ரீம் சோதனையில்கூட மடலின் கோணத்தை ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு தரையிலேயே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் மேலே ஏறினார்கள். பறந்துகொண்டே முறுக்கிப் பார்க்கவில்லை. அரசிக்குச் சில நாள் மாடத்தையும் சோலையையும் சுற்றப் பழக்கிய பிறகே நம்பி ஏற்றிய கைவினைஞனின் நிதானம் அதிலும் இருக்கிறது.

மேல்சித்தாமூருக்குக் கிழக்கே, மரக்காணம் பக்கம் கடலோரமாகக் கழுவெளி ஏரி விரிந்து கிடக்கிறது. 2021இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். நீர் நிறைந்த மாதங்களில் மாலை வேளையில் நாரைகள் மேலே பெரிய வட்டமாகச் சுற்றும். அப்போது இறக்கை நேராக விரிந்திருக்கும். நுனி இறகுகள் மட்டும் விரல்போலப் பிரிந்து காற்றுக்கு ஏற்ப மேலே வளையும். இறங்க முடிவு செய்ததும் எல்லாம் மாறும். இறக்கை குவிந்து கிண்ணம் ஆகும். முன்விளிம்பில் சின்னச் சிறகு ஒன்று எழும். வால் விசிறியாகக் கீழே சாயும். நீண்ட கால் முன்னே நீளும். ஒரு நொடி காற்றில் நின்றதுபோல் இருந்து, பறவை சேற்றில் கால் ஊன்றிச் சிறகை மடிக்கும்.